மண் முதலில், ரோஜா பிறகு

ஆனைகுண்டில் உலகநாதன் செத்துப்போன அன்று, பாடையைத் தூக்கிய நாலு பேர் வாசல்படியைத் தாண்டிக் கால் வைத்த அந்த நிமிஷத்தில், வீட்டுக்குள்ளிருந்து ஒரு ரோஜா வாசனை எழுந்து வந்து, ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்களை வாய் மூட வைத்து, சங்கு ஊதினவரைப் பாதியில் நிறுத்தி, தெருமுனையில் வெடி போட்டுக்கொண்டிருந்தவர்கள் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று ஊரார் உடனே முடிவு செய்துவிட்டார்கள், ஏனென்றால் செத்த வீட்டில் ஆச்சரியப்பட்டுக்கொண்டு நின்றால் திரும்பி வந்து குளிக்க நேரமாகிவிடும்.

அது கல்யாண மண்டப வாசலில் பன்னீர்ச்செம்பை ஆட்டித் தெளிப்பார்களே, அந்த ரோஜா இல்லை. வழியெல்லாம் பிய்த்துப் போடுவதற்கென்று சாக்கில் வந்து இறங்கியிருந்த ரோஜாவும் இல்லை, அதற்கு நிறம் மட்டும்தான் உண்டு, வாசனையை வரும் வழியிலேயே யாரோ எடுத்துவிடுகிறார்கள். இது முதலில் மண்ணாக வந்தது, கோடையில் உழுது போட்ட நிலத்தில் முதல் மழை விழுந்ததுபோல. கொஞ்ச நேரம் கழித்து ரோஜா வந்தது, சிவப்பு முற்றிக் கறுத்துப்போன ரோஜா, வேர்ச்சேற்றோடு பிடுங்கி முகத்துக்கு நேரே நீட்டினதுபோல. அதற்கும் பிறகு, நின்று நிதானமாக மூச்சிழுத்தவர்களுக்கு மட்டும், அடியில் கருகின துணியும் பழைய தோலும் தெரிந்தன.

உலகநாதனின் மனைவி ஆவுடையம்மாள் அப்போது நடைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருபத்திரண்டு வருஷமாக நெஞ்சுக்கு மேலேயே நின்றுகொண்டிருந்த ஒரு மூச்சு இறங்கி வெளியே போனது அவளுக்குத் தெரிந்தது. அழ வேண்டிய நேரத்தில் நிம்மதியாக இருக்கிறதே என்று பயந்துபோய், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பாவம், ரொம்பத்தான் அழுகிறாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

இடுகாடு பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கிறது. அந்த ஊர் வழக்கப்படி பெண்கள் அங்கே போவதில்லை, ஆண்கள்தான் போனார்கள், சட்டையிலும் வேட்டியிலும் அந்த வாசனையைச் சுமந்துகொண்டு போய்க் குழியைச் சுற்றி நின்றார்கள். குழிக்குள்ளிருந்து வாசனை வருகிறது என்று ஒருவர் சொன்னார். ஆமாம், குழிக்குள்ளிருந்துதான் என்று நாற்பது பேர் சொன்னார்கள். தன் சட்டையை மோந்து பார்க்கும் பழக்கம் ஆனைகுண்டில் யாருக்கும் கிடையாது.

ஊர் நலக் கமிட்டியின் செயலாளர் கோமதிநாயகம் மறுநாளே கூட்டம் போட்டார். நம்மிடையே ஒரு சித்தர் இருந்திருக்கிறார், நமக்குத்தான் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை என்று மைக்கில் சொல்லிக் கண்ணைத் துடைத்தார். உயிரோடு இருந்தவரை, எதிரே உலகநாதன் வந்தால் சந்துக்குள் புகுந்து சுற்றிக்கொண்டு போனவர் அவர். அதெல்லாம் பயபக்தி என்று இப்போது விளங்கியது.

உலகநாதன் அரவை மில்லில் மேஸ்திரியாக இருந்தவன். தெருவில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசமாட்டான், அது மௌன விரதம் என்றார்கள். பேசினால் எதிராளியின் தாயை இழுக்காமல் பேசமாட்டான், அது பீஜ மந்திரம், அர்த்தம் பார்க்கக் கூடாது என்றார்கள். ரசத்தில் உப்பு ஒரு கல் கூடினால் சட்டியோடு தூக்கி முற்றத்தில் எறிவான், சுவையைத் துறந்தவர் என்றார்கள். வேலைக்குப் போகும்போது வீட்டை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவான், உள்ளே ஆவுடை இருப்பாள், புலனடக்கத்தை இதைவிட எளிமையாக யார் விளக்க முடியும் என்று கேட்டார் கோமதிநாயகம். பெற்ற தாய் செத்ததற்கு ஆவுடையை அவன் போகவிடவில்லை. பந்தபாசத்தை அறுத்துக் கொடுத்திருக்கிறார், எத்தனை பிறவி எடுத்தாலும் கிடைக்காத பாக்கியம் என்று அதையும் சொல்லி, கூட்டத்தில் கை தட்டினார்கள். தன் வீட்டு ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஆவுடைக்கு அந்தக் கைதட்டல்தான் தாங்கவில்லை. அம்மா முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்காதவள் அவள்.

அந்த வாசனையின் அடியில் இருந்த கருகலை யாகப் புகை என்றும், தோலைச் சித்தர்கள் உட்காரும் புலித்தோல் என்றும் கமிட்டி கண்டுபிடித்தது. ஆவுடைக்கு இரண்டும் தெரியும். கருகல், அவள் ஆசையாக எடுத்த ரோஸ் நிறச் சேலையை அவன் அடுப்பில் போட்டு எரித்த வாசம். தோல், சுவரில் ஆணியில் தொங்கிய அவன் இடுப்பு பெல்ட். அது எப்போதெல்லாம் ஆணியிலிருந்து இறங்கும் என்பது அவள் முதுகுக்குத் தெரியும். கமிட்டி அந்த பெல்ட்டை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, பக்கிளுக்குக் குங்குமம் இட்டு, 'அருட்கச்சை' என்று எழுதி ஒட்டியது. வருகிறவர்கள் கண்ணாடியில் நெற்றியை வைத்துக் கும்பிட்டார்கள்.

இதற்கெல்லாம் இடம் வேண்டுமே, அவள் வீட்டு முன்னறையை எடுத்துக்கொண்டார்கள். அங்கேதான் ஆவுடைக்கு வலித்தது.

அவள் கல்யாணச் சீரோடு ஒரு தையல் மெஷின் வந்திருந்தது. காலால் மிதிக்கிற மெஷின். அதை முன்னறை ஜன்னலோரம் போட்டு மூன்று வாரம் தைத்தாள். நாலாவது வாரம், காலை ஆட்டிக்கிட்டு இருக்கிற பொம்பளை குடும்பத்துக்கு ஆகாது என்று சொல்லி உலகநாதன் அதன் தலையைக் கழற்றிப் பரணில் போட்டான், காலைக் கொல்லையில் போட்டான். தலை ஓரிடமும் கால் ஓரிடமுமாக அது இருபத்திரண்டு வருஷம் கிடந்தது, அவளும் ஏறக்குறைய அப்படித்தான் கிடந்தாள். பதினாறு கழிந்த மறுநாள் காலையில் அவள் முதல் வேலையாகக் கொல்லையிலிருந்து காலை இழுத்து வந்தாள், பரணிலிருந்து தலையை இறக்கினாள், எண்ணெய் விட்டாள், சக்கரம் சுற்றியது. மேல் சக்கரத்தையும் கீழ்ச் சக்கரத்தையும் இணைக்கிற தோல் பெல்ட்டை மட்டும் கரையான் தின்றிருந்தது. ஒரு பெல்ட் வாங்கி மாட்டினால் போதும், முன்னறை அவளுடையது, ஜன்னல் அவளுடையது, கால் அவளுடையது.

கமிட்டி ஆட்கள் அன்று மதியமே, சித்தர் மில்லில் உட்கார்ந்திருந்த நாற்காலியோடு வந்தார்கள்.

"தங்கச்சி, சுவாமிகள் வாழ்ந்த எடத்துல ஜாக்கெட் தைக்கலாமா?" என்று கோமதிநாயகம் மிகவும் வருத்தத்தோடு கேட்டார். "மெஷின் தல பரண்லயே பத்திரமா இருக்கட்டும். காலைக் கொல்லையில போட்டுருதோம். ஒனக்கு எதுக்கு இந்தச் செரமம்?"

"எனக்குச் செரமம் இல்ல அண்ணாச்சி."

"அதான் சொல்லுதேன், இனிமே ஒனக்குச் செரமமே கெடையாது."

ஏற்பாடு இதுதான். நாற்பத்தெட்டாம் நாள் மண்டல பூஜை. அன்றைக்கு மேடையில் வைத்து ஆவுடை வீட்டைச் சமாதிக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டியது. பிறகு வெள்ளைச் சேலை உடுத்திச் சமாதிக்குப் பக்கத்தில் போடப்போகும் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து விளக்கேற்றிக்கொண்டு மீதி ஆயுளைக் கழித்துவிட வேண்டியது. அதுவரைக்கும் துக்கக்காரி என்பதால் வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது. இடுகாட்டுக்குப் பெண்கள் போகலாமா என்று யாரோ கேட்டதற்கு, அது இனிமேல் இடுகாடு இல்லை, தலம் என்று கமிட்டி பதில் சொன்னது. உலகநாதனே உயிரோடு இருந்தாலும் இவ்வளவு கச்சிதமாக அவளைப் பூட்டியிருக்க முடியாது.

வெளியூர்க் கூட்டம் வரத் தொடங்கியது. தரிசனத்துக்கு ஒரு முறை வைத்தார்கள். முதலில் வீட்டுக்கு வந்து நாற்காலியையும் அருட்கச்சையையும் கும்பிட வேண்டும், அரைமணி நேரம் உட்கார்ந்து தியானம் செய்ய வேண்டும், பிறகுதான் சமாதிக்குப் போக வேண்டும். எல்லோரும் அப்படியே செய்தார்கள், எல்லோருக்கும் சமாதியில் ரோஜா மணத்தது. வீட்டைவிடச் சமாதியில் கொஞ்சம் குறைவாக இருக்கிறதே என்று ஒரு அம்மாள் கேட்டதற்கு, சித்தர் அடக்கமானவர் என்றார்கள்.

இந்த முறையை மீறின ஒரே ஆள் மசூது பாய். நாற்பத்தைந்தாம் நாள், சித்தர் வாசனையைக் கேள்விப்பட்டு, அத்தர் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்தில் வந்து இறங்கியவர், பின்னாலேயே இடுகாடு இருப்பதைப் பார்த்து, சரி, பக்கத்தில் இருப்பதை முதலில் பார்ப்போம் என்று நேராகச் சமாதிக்குப் போய்விட்டார். குனிந்து மோந்து பார்த்தார், ஒரு பிடி மண்ணை எடுத்துக் கசக்கி மோந்து பார்த்தார். ஆட்டுப்புழுக்கை வாசனைதான் வந்தது. முப்பது வருஷமாக மூக்கால் பிழைக்கிற மனுஷர், அதைப்போய் ரோஜா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

பிறகு வீட்டுக்கு வந்தார். உச்சி வெயில் நேரம், தரிசனத்துக்கு யாரும் இல்லை. ஆவுடை நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் கால் வைத்த மசூது பாய் அப்படியே நின்றுவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு மூன்று தரம் மூச்சிழுத்தார்.

"தங்கச்சி, தப்பா நெனைக்காதிய. ஒரு சோலி பண்ணுங்க. கொஞ்சம் கொல்லைப்பக்கம் போயி நின்னுட்டு வாங்க."

"எதுக்கு பாய்?"

"சும்மா போயி நில்லுங்க. பெறவு சொல்லுதேன்."

அவள் போய்க் கிணற்றடியில் நின்றாள். அவர் கூப்பிட்டதும் வந்தாள். மசூது பாய் பெட்டியைக் கீழே இறக்கி வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டு தலையை ஆட்டினார்.

"நீங்க போனதும் இங்கன வாசம் மெலிஞ்சு போச்சி. வந்ததும் திரும்பி வந்துட்டு. அங்கன கபுர்ல ஒண்ணும் கெடையாது, ஆடு மேஞ்சிருக்கு, அவ்வளவுதான். வாசனைக்குச் சூடு வேணும் தங்கச்சி. குப்பியில இருக்கும்போது அது ஒறங்கும். உசுருள்ள தோல்ல பட்டாத்தான் முழிச்சிக்கிட்டு மொதல்ல ஒண்ணு, செத்த நேரம் கழிச்சி ஒண்ணு, கடைசியில ஒண்ணுன்னு மாறும். நான் எத்தனையோ மய்யித்துக்கு அத்தர் பூசியிருக்கேன், செத்த ஒடம்புல அது மாறவே மாறாது. இது மாறுது. மொதல்ல மண்ணு, பெறவு ரோஜா, அடியில தோலு. இது செத்தவுக வாசம் இல்ல. இது உங்க வாசம்."

ஆவுடை தன் மணிக்கட்டைத் தூக்கி மோந்து பார்த்தாள். மண் வந்தது. அவள் பொறுமையாக நின்றாள். ரோஜா வந்தது. நாற்பத்து நாலு வயசில் தன் உடம்பு தனக்குப் பிடித்துப்போனதில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மசூது பாய் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"இதைச் சொன்னா என்னை விட்டுருவாவளா பாய்?"

"எங்க விடுவாக? அந்த நாற்காலியில அவரை எறக்கிட்டு உங்களை ஏத்திருவாக. பெறவு நீங்க தும்முனாக்கூட தீர்த்தம்."

சொல்லாவிட்டால் தகரக் கொட்டகை, சொன்னால் நாற்காலி. இரண்டிலும் மெஷின் கிடையாது.

"இதை நீங்க குப்பியில பிடிச்சிட்டுப் போயிரலாமே?" என்றாள்.

"இதுக்குக் குப்பி கெடையாது தங்கச்சி," என்று சொல்லிவிட்டு மசூது பாய் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். தெருவில் இறங்கினவர் திரும்பிப் பார்த்து, "அது எப்ப வந்துச்சின்னு ரோசிச்சுப் பாருங்க," என்றார். பிறகு நாலு மணிப் பேருந்துக்குப் போய்விட்டார்.

அவள் யோசித்தாள். யோசிக்க மூன்று நாள் இருந்தது.

நாற்பத்தெட்டாம் நாள் காலையில் சமாதியில் 'தெய்வ வாசனைத் தலம்' என்று கல்வெட்டு நட்டு, ஆவுடை வீட்டு வாசலில் பந்தல் போட்டு, மைக் கட்டி, வாழை கட்டி, வெளியூர்ப் பிரமுகர்களுக்குச் சால்வை வாங்கி, பத்திரத்தைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு குங்குமத்தோடு வைத்து எல்லாம் தயாராக இருந்தது. தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது கோமதிநாயகத்தின் மனைவி சிதம்பரவடிவு. அவள் எந்த விழாவிலும் ஏதாவது ஒரு தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பாள், அவள் குரலைக் கேட்டவர்கள் ஊரில் குறைவு. கோமதிநாயகம் முக்கால் மணி நேரம் பேசினார். சித்தருக்கு வாழ்க்கைப்பட்ட புண்ணியவதி இப்போது இரண்டு வார்த்தை பேசுவார் என்று மைக்கை ஆவுடையிடம் கொடுத்தார்.

"அந்த வாசம் சமாதியில இல்ல," என்றாள் ஆவுடை. "என் மேல இருக்கு. வேணும்னா கிட்ட வந்து பாருங்க."

முன்வரிசைக்காரர்கள் கிட்ட வந்தார்கள். மண் வந்தது, ரோஜா வந்தது. ஒரு பெண் குலவையிட்டாள், பத்துப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். கோமதிநாயகம் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை, இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பி, "தாயே!" என்று விழுந்தே விட்டார். காலையில் தங்கச்சியாக இருந்தவள் பத்தரை மணிக்குத் தாயாகிவிட்டாள். நாற்காலியை இழுத்து வந்து அவளுக்குப் பின்னால் போட்டார்கள், உலகநாதன் போட்டோவை எடுத்துக் கீழே வைத்தார்கள்.

"இருங்க," என்றாள் ஆவுடை, உட்காராமல். "எப்ப வந்துச்சின்னும் கேட்டுக்கிடுங்க. அவுகளத் தூக்கிட்டு வாசப்படியத் தாண்டினிய பாத்தியளா, அந்தச் சமயம் வந்துச்சி. அதுக்கு முந்தி இருவத்திரண்டு வருசத்துல ஒருநாளும் வந்தது கெடையாது. அவுக போனதுலதான் வந்துச்சி. போகப் போகக் கூடிச்சி. நல்ல வாசம், தெய்வ வாசம்ன்னு நீங்கதான் சொன்னிய, நான் சொல்லல. பெல்ட்டப் போயிக் கும்பிடுதிய. அந்த வாரு என் முதுகுல விழும்போது இந்தத் தெருவுல எல்லாருக்கும் சத்தம் கேக்கும். ஒருத்தராவது வந்து கதவத் தட்டினியளா?"

மைக் கொஞ்சம் இரைந்தது.

ஆனைகுண்டு ஆண்கள் கணக்கில் மந்தமானவர்கள் இல்லை. புருஷன் போனால் பெண்டாட்டிக்கு ரோஜா மணக்கிறது, அது தெய்வ வாசனை என்று நாமே கல்வெட்டு வைத்திருக்கிறோம், அப்படியானால் நம் வீட்டில் எப்போது மணக்கும் என்ற கேள்வி பந்தலுக்குள் ஒவ்வொரு தலையிலும் வந்து உட்கார்ந்தது. ஒவ்வொருவனும் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். ஒரு மனைவியும் தன் புருஷனைப் பார்க்கவில்லை, எல்லோரும் ஆவுடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது யாரோ ஒரு பெண் சிரித்தாள். யாரென்று தெரியவில்லை. சிதம்பரவடிவு கையில் இருந்த தாம்பாளம் மட்டும் கடகடவென்று ஆடி, பத்திரத்தின் மேல் குங்குமம் கொட்டிவிட்டது.

"எனக்கு நாலு நாளா சளி," என்றார் கோமதிநாயகம் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு. "ஒரு வாசமும் தெரியல."

"எனக்கும்," என்றார் பொருளாளர். "நாப்பத்தெட்டு நாளா."

பொழுது சாய்வதற்குள் ஊரில் இருந்த அத்தனை ஆண்களுக்கும் மூக்கடைத்துவிட்டது. டீக்கடையில் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்து, வாசமா, என்ன வாசம், அப்படி ஒன்றும் இருந்ததாக ஞாபகம் இல்லையே என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். பந்தல் அன்றே பிரிக்கப்பட்டது. கல்வெட்டைக் கவிழ்த்துப் போட்டார்கள், அது இன்றைக்கும் பேருந்து நிறுத்தத்தில் உட்காரும் பலகையாக உபயோகப்படுகிறது. பத்திரம் குங்குமம் பட்டு வீணாகிவிட்டதால் வீட்டுப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நாற்காலியைப் பின்னேரமே வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். கண்ணாடிப் பெட்டியை மட்டும் யாரும் எடுக்க வரவில்லை. எடுத்தால் அதற்குள் இருப்பது என்ன என்று சொல்ல வேண்டியிருக்கும்.

ஆவுடை அதை மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் காலையில் திறந்தாள். பக்கிளைக் கழற்றிக் கிணற்றில் போட்டாள். பெல்ட்டை மடியில் நீளமாக விரித்து, தையல் கத்திரியால் ஓரத்தோடு ஓரமாக இரண்டு வார் வெட்டி, இரண்டையும் கம்பிக் கொக்கியால் சேர்த்து, மேல் சக்கரத்திலும் கீழ்ச் சக்கரத்திலும் மாட்டினாள். அளவு சரியாக இருந்தது. நல்ல தோல்தான், அதில் அவளுக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை. பலகையில் கால் வைத்து மிதித்தாள். பெல்ட் ஓடியது. இனிமேல் அது சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும், அவள் கால் சொன்னால் ஓடும், கால் நின்றால் நிற்கும். அவள் மத்தியானச் சாப்பாட்டை மறந்து, துணிகூட வைக்காமல், வெறும் மெஷினை வெகுநேரம் மிதித்துக்கொண்டிருந்தாள். அழுதாள், உலகநாதன் போனதற்கும் சேர்த்து அழுதாள், மிதித்துக்கொண்டேதான் அழுதாள். அன்றையிலிருந்து அவள் மேல் தோல் வாசனை வரவில்லை. கருகலும் வரவில்லை. மண்ணும் மெல்ல அடங்கிப்போனது. கறுத்த ரோஜா மட்டும் நின்றது.

பெண்கள் ஜாக்கெட் துணியோடு வரத் தொடங்கினார்கள். அளவு ஜாக்கெட் கொண்டுவந்தால் போதும், ஆனாலும் நேரில் வந்து அளவு கொடுக்கத்தான் எல்லோருக்கும் ஆசையாக இருந்தது.

சித்திரைக் கத்திரி வெயிலில் ஒருநாள் சிதம்பரவடிவு வந்தாள். கோமதிநாயகம் கூடவே வந்திருந்தார், அவளைத் தனியாக எங்கேயும் அனுப்புவதில்லை. உள்ளே வரமாட்டேன், சளி என்று சொல்லிவிட்டுத் தெருவில் வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆவுடை டேப்பை எடுத்தாள். "பிடிச்சாப்புல வைக்கவா மதினி, தளர்வா வைக்கவா?"

சிதம்பரவடிவு ஜன்னல் வழியாகத் தெருவில் தெரிந்த குடையைப் பார்த்தாள். பிறகு மெஷினில் மாட்டியிருந்த பெல்ட்டைப் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள்.

"தளர்வாவே வையி," என்றாள். "மூச்சு விடணும்."

சொல்லிவிட்டு மூச்சு விட்டாள். அடிவயிற்றிலிருந்து வந்த நீளமான மூச்சு. டேப்பைச் சுற்றிப் பிடித்திருந்த ஆவுடைக்கு அப்போது வாசனை வந்தது. தன்னுடையது என்று முதலில் நினைத்தாள். இல்லை. அவளிடம் மண் தீர்ந்து மாதமாகிறது. இது பச்சை மண், உழுது போட்டுக் காத்துக் கிடந்த மண்ணில் முதல் துளி விழுந்த வாசம். இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தெருவில் கோமதிநாயகம் தலையை நிமிர்த்தி மூக்கை உறிஞ்சினார். வானத்தில் பஞ்சு அளவுக்குக்கூட மேகம் இல்லை.

"ஏட்டி, மண்ணு வாசம் அடிக்குதே," என்று உள்ளே பார்த்துக் கேட்டார். "மழை வருதோ?"

சிதம்பரவடிவு தோளளவு எடுக்க வாகாகக் கையைத் தூக்கிக்கொண்டாள்.

"இன்னும் இல்ல," என்றாள், தெருவுக்கே கேட்கும்படி. "வரும். நீங்க கொடைய மடக்காம நில்லுங்க."

அவர் மடக்காமல் நின்றார்.